‘சூடு’ன்னு சொன்னாங்க... நம்பிட்டேன்!

ஒரு கேள்வி கேட்கிறேன். பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேட்காம, மனசுக்குள்ளேயே பதில் சொல்லுங்க. காலையில காலேஜுக்குக் கிளம்பினா, சாயந்தரம் ரூமுக்குத் திரும்பற வரைக்கும் எத்தனை தடவை யூரின் போறீங்க?

செகண்ட் இயர் படிச்சப்போ என்னோட பதில், பூஜ்யம். அதுல ஒரு பெருமை வேற! ‘எனக்கெல்லாம் கன்ட்ரோல் ஜாஸ்திப்பா’ன்னு கேன்டீன்ல உட்கார்ந்து அளந்து விட்டிருக்கேன்.

காரணம் என்னன்னு கேர்ள்ஸுக்குச் சொல்லவே வேண்டாம். எங்க பிளாக்ல மூணு மாடிக்கும் சேர்த்து லேடீஸ் டாய்லெட் ஒண்ணுதான். நாலு கதவுல ரெண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு ஃப்ரெண்டு வெளியில நின்னு கதவை இழுத்துப் பிடிச்சுக்கணும். குழாயைத் திறந்தா காத்துதான் வரும். மார்ச் மாச வெயில்ல, மதியத்துக்கு மேல அந்த வராண்டா பக்கம் மூக்கைப் பொத்தாம போக முடியாது. அதனால நாங்க எல்லாரும் பேசி வெச்சுக்காமலே ஒரு பாலிசிக்கு வந்திருந்தோம். தண்ணி குடிச்சாதானே போகணும்? குடிக்காதே! வாட்டர் பாட்டில் பேக்ல இருக்கும். காலையில ஹாஸ்டல்ல நிரப்பினது சாயந்தரம் அப்படியே திரும்பி வரும்.

2018 மார்ச். மாடல் எக்ஸாம் ஆரம்பிக்க ஒரு வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, யூரின் போய் முடிக்கறப்போ கடைசிச் சொட்டுல சுரீர்னு ஒரு எரிச்சல். மிளகாய் நறுக்கின கையைக் கண்ணுல வெச்சா எப்படி இருக்கும்? அந்த மாதிரி. வெளியில வந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, மறுபடியும் போகணும் போல இருந்தது. போனா ரெண்டு சொட்டு. திரும்ப எரிச்சல்.

ரூம்மேட்கிட்ட சொன்னேன். ‘சூடு பிடிச்சிருக்குடீ... வெயில்ல அலையறேல்ல’ன்னா. ஊருக்கு போன் போட்டேன். அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. ‘வெந்தயம் ஊற வெச்சுக் குடி பாப்பா. இளநீர் வாங்கிக் குடி. கால் கட்டை விரல்ல சுண்ணாம்பு தடவிக்கோ. காலையில சரியாப் போயிடும்.’ ஹாஸ்டல்ல வெத்தலை போடற ஆள் யாரு இருக்கா? மெஸ் சமையல்கார பாட்டிகிட்ட கெஞ்சி சுண்ணாம்பு வாங்கி, ரெண்டு கட்டை விரல்லயும் தடவிட்டுப் படுத்தேன். வெள்ளை நெயில் பாலிஷ் மாதிரி இருந்ததுன்னு பக்கத்து ரூம் அக்கா போட்டோ எடுத்தாங்க.

அம்மா மேல தப்பு சொல்லலை. நம்ம வீடுகள்ல ‘சூடு’ங்கற வார்த்தைக்குள்ள பத்து விஷயம் இருக்கு. வாய்ப்புண்ணும் சூடு, முகத்துல பரு வந்தாலும் சூடு, கண்ணு செவந்தாலும் சூடு. உண்மையிலேயே தண்ணி கம்மியாக் குடிச்சு, யூரின் அடர் மஞ்சளாகி லேசாக் கடுக்கறதும் உண்டு. அது ரெண்டு சொம்பு தண்ணியில ஒரே நாள்ல ஓடிப் போயிடும். எனக்கு வந்தது அது இல்லை. வித்தியாசம் எனக்கு அப்ப தெரியலை. தெரிஞ்சிருந்தா இந்தக் கட்டுரையே இல்லை.

புதன், வியாழன் ரெண்டு நாளும் நான் பாத்ரூம்லதான் குடியிருந்தேன்னு சொல்லலாம். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவசரம்னா சாதாரண அவசரம் இல்லை. எழுந்து நடக்கறதுக்குள்ள வந்துடுமோன்னு பயம். ஆனா, போனா வர்றது கொஞ்சூண்டு. தொப்புளுக்குக் கீழே, அடிவயிறு கனமா அமுக்கற மாதிரி ஒரு வலி. பீரியட்ஸ் வரப் போகுதோன்னு நினைச்சேன். யூரின் தெளிவா இல்லாம, அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கி இருந்தது. நாத்தமும் வேற மாதிரி. இது அத்தனையையும் நான் கவனிச்சேன். ஒண்ணையும் யார்கிட்டயும் சொல்லலை. எப்படிச் சொல்றதுங்க? காய்ச்சல்னா சொல்லலாம், தலைவலின்னா சொல்லலாம். இதைப் போய்..?

வெள்ளிக்கிழமை தாங்க முடியலை. ரூம்மேட்தான் மெடிக்கல் ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போனா. கடையில நாலு ஆம்பளைங்க நின்னுட்டு இருந்தாங்க. அவங்க போற வரைக்கும் பக்கத்துல இருந்த ஷாம்பு பாக்கெட்டைப் படிச்சுட்டு நின்னோம். அப்புறம் கடைக்காரர்கிட்ட கிசுகிசுன்னு ‘யூரின்... எரிச்சல்...’னு சொன்னோம். அவர் ஒரு கேள்வி கேட்கலை. ஒரு சிரப், பட்டையிலேருந்து கத்தரியால வெட்டின ஆறு மாத்திரை. ‘காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணும்மா.’ முடிஞ்சது. டாக்டர் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் விக்கக் கூடாதுன்னு நாட்டுல சட்டமே இருக்குங்கறது எனக்கு அன்னிக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அன்னிக்கு வாங்கியிருப்பேன்னுதான் நினைக்கிறேன்.

ரெண்டே நாள்ல எரிச்சல் பாதியாக் குறைஞ்சது. ஆஹா, சரியாயிடுச்சுன்னு நாலு மாத்திரையோட நிறுத்திட்டேன். மிச்சம் ரெண்டை ஜாமெட்ரி பாக்ஸ்ல போட்டு வெச்சேன், அடுத்த தடவைக்கு ஆகும்னு! (இந்த ரெண்டு மாத்திரை அப்புறம் கதையில வரும், மறந்துடாதீங்க.)

அடுத்த வாரம், ரெண்டாவது மாடல் எக்ஸாம். ஹால்ல உட்கார்ந்து பேப்பரை வாங்கறேன், பல்லு கிட்டுது. வெளியில உச்சி வெயில். எனக்கு மட்டும் உடம்பு தூக்கிப் போடற குளிர். வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே, முதுகுல யாரோ கட்டையால அடிச்ச மாதிரி வலி. ஒரு மணி நேரத்துல எழுந்து வந்து வராண்டாவுலயே வாந்தி எடுத்தேன்.

காலேஜ் ஹெல்த் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. காய்ச்சல் 103. அப்ப எங்க ஏரியாவுல டெங்குன்னு பேச்சு இருந்தது. அங்க இருந்த சார், ‘வைரல் ஃபீவரா இருக்கும். ரெண்டு நாள்ல குறையலைன்னா டெங்கு டெஸ்ட் எடுத்துக்கோ’ன்னு பாராசிட்டமால் கொடுத்தார். ‘வேற ஏதாவது பிரச்னை இருக்கா?’ன்னும் கேட்டார். அதைச் சொல்லியே ஆகணும், கேட்டார். பக்கத்துல வார்டன் மேடம் நின்னுட்டு இருந்தாங்க. வாசல்ல கிளாஸ் பசங்க ரெண்டு பேர் நின்னாங்க.

‘வேற ஒண்ணும் இல்ல சார்’னு சொன்னேன்.

போன வாரம் எரிஞ்சதை அங்கே ஒரு வரியில சொல்லியிருந்தா, அன்னிக்கே சரியான இடத்துக்கு அனுப்பியிருப்பாங்க. நான் சொல்லலை. ஒண்ணரை நாள் பாராசிட்டமாலை முழுங்கிட்டு, போர்வைக்குள்ள நடுங்கிட்டுக் கிடந்தேன். அம்மா மணப்பாறையிலேருந்து வந்து, திருச்சியில ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க.

அந்த டாக்டரம்மாவை நான் மறக்க மாட்டேன். வந்தாங்க, நாக்கைப் பார்த்தாங்க, என்னைத் திரும்பி உட்காரச் சொன்னாங்க. கடைசி விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ற இடத்துல உள்ளங்கையை வெச்சு, மேல இன்னொரு கையால மெதுவா ஒரு குத்து. இடது பக்கம் ஒண்ணும் இல்லை. வலது பக்கம் குத்தினப்போ கட்டில்லேருந்து எகிறிக் குதிச்சேன். அம்மாவை வெளியில இருக்கச் சொல்லிட்டு என்கிட்ட கேட்டாங்க: ‘ஏம்மா, யூரின் போறப்போ எரிச்சல் எப்போ ஆரம்பிச்சுது?’

இருந்துச்சான்னு கேட்கலை. எப்போன்னுதான் கேட்டாங்க. நான் அழுதுட்டேன்.

அவங்க எனக்குப் படம் போட்டுச் சொன்னதை உங்களுக்கு என் பாஷையில சொல்றேன். நம்ம குடல்ல ‘ஈ.கோலை’ன்னு ஒரு பாக்டீரியா குடியிருக்கு. 1885-ல தியோடர் எஷெரிக்ங்கற குழந்தை டாக்டர் கண்டுபிடிச்சது. குடல்ல இருக்கற வரைக்கும் பெரும்பாலும் சாது. வழி தவறி யூரின் பாதைக்குள்ள நுழைஞ்சாதான் வம்பு. இந்த இன்ஃபெக்‌ஷன்ல முக்கால்வாசிக்கு மேல இவர் கைவரிசைதான். பொண்ணுங்களுக்கு அந்த வழி ரொம்பக் குட்டி, நாலு சென்டிமீட்டர் அளவுதான். ஸ்கேல்ல வெச்சுப் பாருங்க, ஒரு சேஃப்டி பின் நீளம். ஆண்களுக்கு இருபது சென்டிமீட்டர் வரும். அதான் நமக்கு இவ்வளவு சுலபமா வருது. பெண்கள்ல ரெண்டு பேருக்கு ஒருத்தர் வாழ்நாள்ல ஒரு தடவையாவது இதைப் பார்த்துடறாங்க. உங்க கிளாஸ்ல இருக்கற பொண்ணுங்களை எண்ணி ரெண்டால வகுத்துக்கோங்க. நாம யாரும் சொல்லிக்கறது இல்லை, அவ்வளவுதான்.

கிருமி மூத்திரப் பையோட நின்னா, எனக்கு முதல் வாரம் இருந்த எல்லாம் வரும். எரிச்சல், அடிக்கடி போறது, போகணும் போகணும்னு ஒரு பொய் அவசரம், அடிவயிறு வலி, கலங்கல். சிலருக்கு லேசா ரத்தம்கூட வரும். பீரியட்ஸ் ரத்தம்னு நினைச்சு விட்டுடுவோம். இந்தக் கட்டத்துல பொதுவா காய்ச்சல் வராது. அதைக் கவனிச்சு வெச்சுக்கோங்க. குளிர் காய்ச்சல், விலாவுக்குக் கீழே ஒரு பக்கமா முதுகு வலி, வாந்தி, இதெல்லாம் சேர ஆரம்பிச்சா கிருமி மேலே ஏறி கிட்னியைத் தொட்டிருக்குன்னு அர்த்தம். அப்ப நாளைக்குப் பார்க்கலாம், எக்ஸாம் முடியட்டும்னு பேச்சே கிடையாது. அங்கேருந்து ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து. டாக்டரம்மா இதை மிரட்டாம, சாதாரணமா சொன்னாங்க. அதுதான் இன்னும் பயமா இருந்தது.

எரிச்சல்னா எல்லாமே இதுதான்னும் இல்லை. அரிப்பு, தயிர் மாதிரி வெள்ளைப்படுதல், தோல்ல புண்ணு, இதெல்லாம் சேர்ந்து எரிஞ்சா அது வேற பிரச்னை, மருந்தும் வேற. இடுப்புலேருந்து தொடை வரைக்கும் அலை அலையா வெட்டி இழுத்தா கல்லா இருக்கலாம். நாமளே பார்த்து முடிவு பண்ற விஷயம் இல்லை. ஒரு யூரின் டெஸ்ட்டுக்கு ஆகற செலவு, நாம ரெண்டு பேர் சினிமா போற செலவைவிடக் கம்மிதான்.

அந்த டெஸ்ட்டுக்கு சாம்பிள் எடுக்கறதுலயும் நான் ஒரு கூத்து பண்ணினேன். டப்பாவைக் கொடுத்ததும் முதல்லேருந்து கடைசி வரைக்கும் வழிய வழியப் பிடிச்சுட்டு வந்து நீட்டினேன். நர்ஸ் அக்கா சிரிச்சுட்டே கீழே கொட்டச் சொல்லிட்டாங்க. சுத்தமாக் கழுவிட்டு, முதல்ல வர்றதை விட்டுட்டு, நடுவுல வர்றதைத்தான் பிடிக்கணுமாம். டப்பாவோட உள் பக்கத்தைக் கையால தொடக் கூடாது. முக்கியமா, ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கொடுத்துடணும்.

கல்ச்சர் ரிசல்ட் வர மூணு நாள் ஆச்சு. அதுவரைக்கும் கையில ஊசி, டிரிப்ஸ். ‘ஒரு மில்லியில 1,00,000-க்கு மேல்’னு ஒரு நம்பர் போட்டிருந்தது. (அந்த லட்சக் கணக்கு, 1950-களில் பாஸ்டன்ல எட்வர்ட் காஸ்ங்கற டாக்டர் வகுத்ததாம்.) அதுக்குக் கீழே வரிசையா ஆன்டிபயாடிக் பேரு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு எழுத்து. ‘எஸ்’னா அந்தக் கிருமி அந்த மருந்துக்குச் சாகும். ‘ஆர்’னா சாகாது. டாக்டரம்மா கேட்டாங்க, ‘கடையில வாங்கிச் சாப்பிட்டியே, என்ன மாத்திரை?’ ரூம்மேட் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து அந்த ரெண்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்தா. பின்பக்கம் பேரு பாதி தெரிஞ்சது. சிப்ரோஃப்ளாக்சசின். ரிப்போர்ட்ல விரலை வெச்சுத் தேடினாங்க.

‘ஆர்.’

அப்போ ரெண்டு நாள்ல குறைஞ்சது எப்படின்னு கேட்டேன். சிரப் எரிச்சலை மட்டும் ஆத்திடும், கிருமியைக் கொல்லாது. தண்ணியும் நிறைய குடிச்சேன். மேலே அமைதி, உள்ளே கிருமி பெருகிட்டே இருந்திருக்கு. நான் நல்லாயிட்டேன்னு நினைச்ச அந்த நாள்லதான் அது படியேறிட்டு இருந்தது.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். ரெண்டாவது நாள் என்னைப் பார்க்க பெரியம்மா வந்தாங்க. ஹார்லிக்ஸ் பாட்டிலை வெச்சுட்டு, என்ன வியாதின்னு கேட்டாங்க. அம்மா சொன்னாங்க. பெரியம்மா குரலைத் தாழ்த்தி, ‘கல்யாணம் ஆகாத புள்ளைக்கு இது எப்படி வரும்?’னு கேட்டாங்க. நான் கண்ணை மூடிட்டு இருந்தேன், தூங்கறேன்னு நினைச்சுட்டாங்க. அம்மா பதில் சொல்லலை. அந்த அஞ்சு நிமிஷம் இருக்கே... முதுகு வலி ஒண்ணுமே இல்லைங்க அதுக்கு முன்னாடி. சாயந்தரம் டாக்டரம்மாகிட்ட அம்மாவே தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. அவங்க பேனாவை மூடி வெச்சுட்டு, ‘கைக்குழந்தைக்கு வருது. எழுபது வயசுப் பாட்டிக்கு வருது. உங்களுக்கும் நாளைக்கு வரலாம்’னாங்க. அம்மா அன்னிக்கு ராத்திரி என் கால்ல கை வெச்சுட்டே தூங்கினாங்க.

உறவு வெச்சுக்கறவங்களுக்கு வாய்ப்பு ஜாஸ்திங்கறதும் நிஜம்தான். அங்கே இருக்கற கிருமி உள்ளே தள்ளப்படுது, அவ்வளவுதான் காரணம். அதுக்கும் ஒழுக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டாக்டர் அதைக் கேட்டா மருந்துக்காகத்தான் கேட்கறாங்க. தனியாப் பேசணும்னு சொல்லுங்க, அம்மாவை வெளியில அனுப்பிடுவாங்க. பொய் சொன்னா டெஸ்ட் தப்பாப் போகும்.

பசங்களா, ‘இது லேடீஸ் மேட்டர்’னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க வயசுல உங்களுக்கு இது அபூர்வம்தான். அதனாலேயே வந்தா அலட்சியமா இருக்கக் கூடாது. பாதையில கல்லு, அடைப்புன்னு வேற காரணம் இருக்கான்னு பார்ப்பாங்க. எரிச்சலோட சீழ் மாதிரி ஏதாவது வந்தா அது உறவு மூலமா தொத்தற நோயா இருக்கலாம், அதுக்குத் தனி வைத்தியம். எங்க கிளாஸ்ல ஒருத்தன் மூணு மாசம் மறைச்சு வெச்சிருந்து, கடைசியில என் கதையைக் கேட்டுட்டு டாக்டர்கிட்ட போனான். கல்லு. உங்களுக்கு வெட்கம் எங்களைவிட ஜாஸ்தின்னு அப்பதான் தெரிஞ்சது.

ஆஸ்பத்திரியில மூணு நாள், மாத்திரை எல்லாம் சேர்த்து மொத்தம் பத்து நாள் கோர்ஸ். ஏழாவது நாளே தெம்பா இருந்தது. இந்தத் தடவை கடைசி மாத்திரை வரைக்கும் முழுங்கினேன். மூணு மாடல் எக்ஸாம் போச்சு. இன்டர்னல் மார்க்கும் போச்சு.

வீட்டுக்கு அனுப்பறப்போ டாக்டரம்மா சொன்னது ரொம்ப சின்ன சின்ன விஷயம். அடக்காதே. கழுவறப்போ முன்னாலேருந்து பின்னால கழுவு. நாப்கினை நாள் பூரா வெச்சுட்டு இருக்காதே. தண்ணி குடி. தண்ணியைப் பத்தி அதே 2018-ல ஒரு ஆய்வு வந்திருக்கு. அடிக்கடி இந்த இன்ஃபெக்‌ஷன் வர்ற, தண்ணியும் கம்மியாக் குடிக்கற 140 பெண்களை எடுத்துக்கிட்டாங்க. பாதிப் பேரை மட்டும் தினம் ஒண்ணரை லிட்டர் கூடுதலாக் குடிக்கச் சொன்னாங்க. ஒரு வருஷத்துல, குடிக்காதவங்களுக்கு சராசரியா 3.2 தடவை வந்தது, குடிச்சவங்களுக்கு 1.7 தடவை. பச்சைத் தண்ணிங்க, வேற ஒண்ணும் இல்லை.

ஆனா, தண்ணி குடின்னு சொல்றது சுலபம். குடிச்சா எங்க போறது? தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு எந்த டாக்டரும் மருந்து எழுத முடியாது. டிஸ்சார்ஜ் ஆகி வந்து, நானும் ரூம்மேட்டும் ஒரு லெட்டர் எழுதி கையெழுத்து வாங்கினோம். ‘கழிவறை சரியில்லாத காரணத்தால்’னு எழுதலாமா, ‘அடிப்படை வசதிகள்’னு எழுதலாமான்னு அரை மணி நேரம் சண்டை. கடைசியில கழிவறைன்னே எழுதினோம். அறுபத்தி மூணு கையெழுத்து. தாழ்ப்பாள் ரெண்டு வாரத்துல வந்துடுச்சு. தண்ணி நாங்க தேர்ட் இயர் முடிக்கறப்போதான் வந்தது. அதுவும் காலையில மட்டும்.

ஃபைனல் இயர்ல ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும். கதவைத் தட்டற சத்தம். ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திட்டு நிக்கறா. ‘அக்கா, உங்ககிட்ட சுண்ணாம்பு இருக்குமா? சூடு பிடிச்சிருக்கு.’

உள்ளே உட்கார வெச்சேன். எத்தனை நாளான்னு கேட்டேன். அஞ்சு நாள். முதுகு வலிக்குதா? ‘லேசா... பஸ்ல உட்கார்ந்து வந்ததால இருக்கும்க்கா.’ காய்ச்சல்? ‘இல்லக்கா. குளிர் மட்டும் அடிக்குது.’ மே மாசம். ஃபேன் சுத்திட்டு இருக்கு, எனக்கு வேர்த்து ஊத்துது, இவ துப்பட்டாவைப் போர்த்திட்டு உட்கார்ந்திருக்கா. நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன்.

வார்டன் மேடத்தை எழுப்பப் போனப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ‘அக்கா, மேடம்கிட்ட என்னன்னு சொல்லப் போறீங்க?’

‘யூரின் இன்ஃபெக்‌ஷன்னு.’

‘அப்படியேவா?’

‘அப்படியேதான். செருப்பைப் போடு, ஆட்டோ வருது.’